செலினா டீச்சரின் இருபத்து நாலு பேர்

செலினா டீச்சர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே திட்டுவார். அதனால் ஒவ்வொரு வசவுக்கும் நடுவில் ஒரு கீச்சொலி வந்து விழும். "ஏம் புள்ள" என்று தொடங்குவார், கீச், "அந்தக் காலு யாரோடது", கீச், "ஒன்னோடதுதானே". திட்டு வாங்கும் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம். அந்த ஓட்டத்தில் அவரும் கூடவே ஓடுவார், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, சேலைக்குக் கீழே வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து பளிச்சிட.

ஆசிரியைகள் சேலைதான் கட்டிவர வேண்டும் என்பது எங்கள் பள்ளிக்கூட நடைமுறை. "சேலையில நின்னு காட்டலாம், நடந்து காட்டலாம். நீளம் பாயுறத எப்படிங்க சேர் காட்டுறது?" என்று என்னிடம் ஒருநாள் கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். கேள்வி கேட்பது அவருக்குப் பழக்கம். பதிலுக்காக நிற்பது பழக்கமில்லை.

நான் கணித ஆசிரியன். மாவனல்லையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடமாகிறது. பெல்மதுளையிலிருந்து மேலே ஆறு மைல் ஏறினால் தேயிலைத் தோட்டத்துக்குள் எங்கள் தமிழ் வித்தியாலயம் இருக்கிறது. செலினா டீச்சர் அங்கே உடற்கல்வி கற்பிக்கிறார். வயது முப்பத்தொன்பது. இதே தோட்டத்தில் பிறந்தவர், இங்கேயே படித்தவர். கணவர் ஜூலியஸ் பெல்மதுளையில் தையல் கடை வைத்திருக்கிறார். "வீட்டுலயும் விசில்தான் சேர், வாயில இல்லாட்டியும் சத்தம் வரும்" என்பார் அந்த நல்ல மனிதர்.

மைதானம் என்று நாங்கள் சொல்வது ஒரு மரியாதைக்காக. அது தேயிலை மலைக்கும் கீழேயுள்ள வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒரு சரிவு. ஒரு பக்கத்துக் கோல் கம்பம் மற்றதைவிட நாலடி உயரத்தில் நிற்கிறது. கீழ்ப்பக்கம் மாணிக்கக் கல் தோண்டும் குழிகள். பந்து உருண்டால் நேரே குழித் தண்ணீரில் போய் விழும். குழியில் வேலை செய்யும் சிங்கள ஆட்கள் சேறு சொட்டச் சொட்ட அதை எடுத்து மேலே எறிவார்கள். "டீச்சர், மென்ன போலே" என்று குரல் வரும், இந்தா பந்து என்று. ஒரு பாடவேளையில் அந்தக் குரல் ஏழெட்டுத் தடவையாவது கேட்கும். ஒவ்வொரு தடவையும் டீச்சர் கண்ணை மூடித் திறப்பார். வலயக் கல்வி அலுவலகத்திடம் அவர் பந்து கேட்டு எழுதினார். இரண்டு ஈட்டிகள் வந்தன. அந்தச் சரிவில் ஈட்டி எறிந்தால் குழிக்காரர்களின் கொட்டிலில்தான் போய்க் குத்தும். இப்போது அவை அதிபர் அறையின் திரைச்சீலைக் கம்பிகளாக இருக்கின்றன.

இவ்வளவு இருந்தும் அவருடைய பாடத்தில் யாரும் உட்கார முடியாது. வயிற்றுவலி என்று வருகிற பிள்ளையின் கையில் அளவுநாடாவைக் கொடுப்பார். சளி என்றால் நேரம் பார்க்க வேண்டும். கால் சுளுக்கு என்றால் எண்ணிக்கை சொல்ல வேண்டும். "ஒக்காந்திருக்கிறதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. அது நுஹ்மான் சேரோட கணக்குப் பாடம்" என்று எனக்குக் கேட்கும்படியே சொல்வார். அவருடைய பாடவேளைகளை நான் அடிக்கடி இரவல் வாங்கிய கோபம் அதில் உண்டு.

பள்ளிக்கூடத்தின் பின்சுவர் முழுக்கச் சுண்ணக்கட்டிக் கோடுகள். நின்ற இடத்திலிருந்து எகிறிக் குதித்து ஒவ்வொரு பிள்ளையும் தொட்ட உயரம் அது. பக்கத்தில் பெயர். நிரோஷன் வகுப்பிலேயே பருமனான பையன். அவனுடைய கோடு மற்ற எல்லாருடையதற்கும் கீழே இருந்தது. ஒரு மாதத்தில் அது இரண்டு விரற்கடை ஏறியபோது வகுப்பு முழுவதையும் கைதட்ட வைத்தார். எல்லாருக்கும் மேலே கோடு போட்டிருந்த பையன் அதே மாதத்தில் ஒரு விரற்கடையும் ஏறவில்லை. அவனுக்குத்தான் அன்று விசிலோடு திட்டு. "நீ ஒன்னோடயே போட்டி போடு. அவனப் பாத்து ஏன் பல்லக் காட்டுற?" சுவரை வெள்ளையடிக்க வேண்டும் என்று அதிபர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். ஒவ்வொரு கூட்டத்திலும் டீச்சர் கூரையைப் பார்ப்பார்.

போன வருடம், 2005 இல், தரம் ஒன்பதில் இருபத்து நாலு பேர் இருந்தார்கள். வலயத்து உடற்பயிற்சிப் போட்டிக்கு ஓர் அணியில் இருபத்து நாலு பேர் வேண்டும். கணக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியதில் அதிபர் காத்தமுத்துவுக்கு ஓர் ஆசை பிறந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அதுவரை எந்தக் கேடயமும் வந்ததில்லை. அலுமாரியில் அதற்கென்று ஒரு தட்டை ஒழித்தே வைத்துவிட்டார்.

அந்த ஆசைக்குக் குறுக்கே நின்றவள் ஷாமிளா. தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துச் சுப்பம்மாவின் மகள், ஒல்லியான அமைதியான பிள்ளை. செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் வலம் திரும்பு என்றால் வலம் திரும்புவாள், இடம் என்றால் இடம். வியாழக்கிழமை ஏழாம் பாடவேளையில் எல்லாம் தலைகீழ். இருபத்து மூன்று பேர் மலைப்பக்கம் பார்த்தால் அவள் வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். சில வேளை தற்செயலாகச் சரியாகவும் திரும்பிவிடுவாள். அதுதான் டீச்சரை இன்னும் எரியவைத்தது. ஒரேயடியாகத் தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்த பிள்ளைக்கு என்ன செய்வது?

வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிப் பார்த்தார். வலது சப்பாத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தார். மதியச் சோறு தின்ற மயக்கம் என்று நினைத்து முகம் கழுவிவரச் சொன்னார். "ஏம் புள்ள, ஏன்? செவ்வாக்கெழம இருந்த மூள வியாழக்கெழம எங்க போகுது?" ஷாமிளா வாயைத் திறப்பாள். அதற்குள் விசில் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். ஒருநாள் சலிப்பில் "வியாழக்கெழம, இங்க வா" என்று கூப்பிட்டார். வகுப்பு சிரித்தது. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் சின்னப் பிள்ளைகள்கூட அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

போட்டிக்கு ஆறு வாரம் இருக்கையில் அதிபர் டீச்சரைக் கூப்பிட்டார். நானும் அந்த அறையில் பரீட்சைத் தாள் எண்ணிக்கொண்டிருந்தேன். "அந்தப் புள்ளைய எடுத்துட்டு, பத்தாம் தரத்துல இருந்து ஒரு ஆளப் போடுங்க டீச்சர்" என்றார். வகுப்பென்றால் முழு வகுப்பு என்று எப்போதும் சொல்கிற டீச்சர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போடவில்லை. களைத்த குரலில் "சரிங்க சேர்" என்றார். படிவத்தில் ஷாமிளாவின் பெயரை அடித்து, சுதர்ஷினி என்று எழுதினார். "என்னால முடியல சேர்" என்று போகும்போது என்னிடம் சொன்னார். கேள்வி இல்லாத வாக்கியம் ஒன்றை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அதற்கடுத்த வியாழக்கிழமை தோட்டத்து விறகு லொறி மைதான ஓரத்தில் பழுதாகி நின்றது. பிள்ளைகள் எப்போதும் மலையைப் பார்த்து நிற்பார்கள். அவர்களுக்கு இடப்பக்கம் ஒரு பலாமரம், வலப்பக்கம் வகுப்பறைச் சுவர். காலையில் நிழல் பலாமரத்தடியில், பின்னேரம் சுவரோரத்தில். டீச்சர் நிழலைப் பார்த்துத்தான் நிற்பார். அன்று சுவரோரத்தை லொறி பிடித்துக்கொண்டதால் வெயிலைத் திட்டிக்கொண்டே பலாமரப் பக்கம் போய் நின்றார். ஷாமிளா அணியில் இல்லாவிட்டாலும் பாடத்தில் நின்றாள். என் வகுப்பு ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும், பேச்சும் கேட்கும்.

"வலம் திரும்பு." இருபத்து நாலு பேரும் வலம்.

"இடம் திரும்பு." இருபத்து நாலு பேரும் இடம்.

டீச்சர் பத்துத் தடவை சொல்லியிருப்பார். பத்தும் சரி. விசில் அவர் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது. மெதுவாக நடந்து வரிசையைச் சுற்றிக்கொண்டு ஷாமிளாவின் வலப்பக்கம், இரண்டு எட்டுத் தள்ளிப் பின்னால் போய் நின்றார். மிட்டாய் நீட்டுகிறவர் போலச் சாதாரணக் குரலில், "ஷாமிளா, டொபி வேணுமா?" என்றார். சுற்றியிருந்த ஐந்தாறு பேர் திரும்பிச் சிரித்தார்கள். ஷாமிளா மலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டீச்சர் மறுபக்கம் வந்தார். அதே தூரம், அதே குரல். "ஷாமிளா, டொபி வேணுமா?" அவள் உடனே திரும்பி, "வேணாங்க டீச்சர்" என்றாள்.

வலம், இடம் என்ற இரண்டு சொல்லுக்கும் வால் ஒன்றுதான். தலை காதில் விழாத பிள்ளைக்கு இரண்டும் ஒரே கட்டளை. அதில் பாதி நாள் அவள் குருட்டாம்போக்கில் திரும்பியிருக்கிறாள். இதை நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தேன். இரண்டு வருடமாக ஜன்னலில் நின்று பார்த்தவன், செவ்வாயும் வியாழனும் மாறி மாறி வருவதைக் கவனித்தவன், கணிதம் கற்பிக்கிறவன். எனக்கும் அது தோன்றவில்லை.

டீச்சர் அவளைப் பலாமரத்தடிக்குக் கூட்டிப் போனார். அங்கே பேசியதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். "காது கேக்கலைன்னு ஏம் புள்ள எங்கிட்ட சொல்லல?"

ஷாமிளா சப்பாத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க கேட்டீங்க டீச்சர். நான் சொல்ல வந்தா விசில் ஊதிருவீங்க."

அன்று ஏழாம் பாடவேளை மணியடிக்கும் முன்பே முடிந்தது.

மறுநாள் சுப்பம்மா பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டிய துணியோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"ஏழு வயசுல வலது காதுல சீழு வடிஞ்சிச்சுங்க டீச்சர். மருந்து ஊத்துனோம், நின்னுருச்சு. அதுக்கப்பறம் அந்தப் பக்கம் சரியா கேக்கிறதில்ல."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் டீச்சர். கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, அசையாமல் நின்றார்.

சுப்பம்மா துணியின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார். "சொன்னா செவிடின்னு பேரு வச்சிருவாங்கங்க. இந்தத் தோட்டத்துல ஒரு பேரு வச்சா அது போகாதுங்க டீச்சர்."

செலினா டீச்சரின் முகம் சிவந்ததை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். தாய்க்கு அந்த வியாழக்கிழமைப் பெயர் தெரிந்திருந்ததா என்பது எனக்குத் தெரியாது. பிறகு டீச்சர் வகுப்பில் அந்தப் பெயரைத் தடை செய்தார். சொன்னவர்களை ஓடவிட்டார், கெஞ்சியும் பார்த்தார். இன்றுவரை தண்ணீர்க் குழாயடியில் அது கேட்கத்தான் செய்கிறது. தான் கற்பித்ததில் இந்தப் பிள்ளைகள் ஒருபோதும் மறக்காத ஒன்று இதுதான் என்று அவரே சொல்வார், பல்லைக் கடித்துக்கொண்டு.

தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். வலது காது அநேகமாகப் போய்விட்டது, இடது முக்கால்வாசி நன்றாக இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், செவிப்பறை ஓட்டையை வளர்ந்த பிறகு பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். திரும்பி வந்த அன்றே டீச்சர் அதிபர் அறைக்குப் போய் ஷாமிளாவின் பெயரை மறுபடி எழுதச் சொன்னார்.

"டீச்சர், படிவம் ஒரு தரம் மாத்தியாச்சு."

"இன்னொரு தரம் மாத்துங்க சேர்."

"இது போட்டி. தர்மம் செய்யிற எடம் இல்ல."

"அவளுக்கு ட்ரில் தெரியும் சேர். எனக்குத்தான் எங்க நிக்கணும்னு தெரியல."

அதிபர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனையைத் தேடினார். அந்தத் திருத்தம் ஒருத்தியை அழவைத்தது. சுதர்ஷினி அதற்குள் புதுச் சீருடை தைத்திருந்தாள். டீச்சர் அவளிடம் நேரில் போய்ச் சொன்னார். அவள் ஒரு மாதம் டீச்சரோடு பேசவில்லை. "அவ கோவம் நியாயம் சேர்" என்றார்.

ஆனால் விதிப் புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. கட்டளையிடுபவர் அணிக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். ஷாமிளாவின் கேட்காத பக்கம். கட்டளைகளின் வரிசையை நடுவர்கள் அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால் மனப்பாடம் செய்யவும் வழியில்லை. வலத்தை உச்சக் குரலிலும் இடத்தைத் தாழ்ந்த குரலிலும் சொல்லிப் பார்த்தார். தொண்டை கட்டியது. பக்கத்தில் நிற்பவள் விரலால் தொட்டுச் சொல்லட்டும் என்று பார்த்தார். இருவருமே பிந்தினார்கள். வலயத்துக்கு விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். போட்டி நாள்வரை பதில் வரவில்லை. "ஈட்டி வேணும்னு எழுதியிருந்தா வந்திருக்கும்" என்றார்.

போட்டி இரத்தினபுரியில். நான் பிள்ளைகளுக்குத் துணையாகப் போனேன். ஆறு அணிகள், நாங்கள் ஒரே தமிழ்ப் பள்ளிக்கூடம். பாண்டு வாத்தியம், ஒலிபெருக்கி, வெயில். எங்கள் அணி நின்றதும் செலினா டீச்சர் நேரே இடப்பக்கம் போய் நின்றார்.

நடுவர் வெள்ளைத் தொப்பி போட்ட வயதான மனிதர். தாளை ஆட்டிக்கொண்டே வந்தார். "டீச்சர், மே பெத்த நெவெய், அர பெத்த" என்றார், இந்தப் பக்கமில்லை, அந்தப் பக்கம் என்று மறுபக்கத்தைக் காட்டி.

டீச்சர் நல்ல சிங்களத்தில் பதில் சொன்னார். என் பிள்ளைகளில் ஒருத்திக்கு இந்தப் பக்கத்தால்தான் கேட்கும், நான் இங்கேதான் நிற்பேன்.

யார் அந்தப் பிள்ளை என்று நடுவர் வரிசையை நோட்டமிட்டார். டீச்சர் காட்டவில்லை. நடுவர் மறுபடி கேட்டார். "அது தேவையில்லை ஐயா" என்று டீச்சர் சிங்களத்திலேயே சொன்னார். நடுவர் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி, எனக்குப் புரிகிறது, ஆனால் ஐந்து புள்ளி போய்விடும் என்றார். மைதான ஓரத்தில் அதிபர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஹரி" என்றார் செலினா டீச்சர். சரி என்று அர்த்தம். விசிலை வாயில் வைத்தார்.

பதினான்கு கட்டளைகள். நான் ஷாமிளாவைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. அவள் கழுத்து நரம்பு விறைத்து நின்றது. பதினான்கும் சரி. கடைசித் திருப்பத்தில் ஒருவன் தவறான பக்கம் பார்த்து நின்றான் என்று பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நிரோஷன். இதற்காக என்னவெல்லாம் பாடுபட்டோம் என்று நினைத்தபோது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

நாலாம் இடம். அந்த ஐந்து புள்ளி இருந்திருந்தால் இரண்டாம் இடம், கேடயமும் உண்டு. பஸ்ஸில் அதிபர் பெல்மதுளைச் சந்தி வரும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். "ரெண்டாம் எடம் டீச்சர். ரெண்டாம் எடம்."

"தெரியும் சேர்" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடி. "எனக்கும் அந்தக் கேடயம் வேணும்தான் சேர். வேணாம்னு யாரு சொன்னது?" பிறகு எழுந்துபோய் நிரோஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பிசகிய திருப்பத்தைப் பற்றி மலையேறும் வரைக்கும் பேசினார். பின்சீட்டில் ஷாமிளா தூங்கிவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளை தரம் ஒன்பதுக்குக் கணிதம். நான் கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தேன். ஷாமிளா என் வகுப்பில் பிள்ளைகளின் இடது கோடியில், ஜன்னலை ஒட்டி, வலது காது என் பக்கமாக உட்கார்வாள். சத்தம் போடாத பிள்ளை, அதனால் நல்ல பிள்ளை என்று நினைத்திருந்தேன். தவணைப் பரீட்சையில் பன்னிரண்டு புள்ளி எடுத்தவளை அக்கறையில்லாதவள் என்றும் நினைத்திருந்தேன். இரண்டையும் சேர்த்து ஒருநாளும் யோசித்ததில்லை.

செலினா டீச்சர் கேட்காமல் உள்ளே வந்தார். பிள்ளைகள் எழுந்தார்கள். கையால் உட்காரச் சொன்னார். ஷாமிளாவின் மேசையையும் அவள் உட்காரும் வாங்கையும் தனியாகவே இழுத்து, சீமெந்துத் தரை கிறீச்சிட, வகுப்பின் வலது கோடிக்கு, முதல் வரிசைக்குக் கொண்டுவந்து போட்டார். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த வாங்கில் தானே உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லிக்குடுங்க சேர்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டார்.